வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும்: பம்பாய் வாடகைச் சட்டம் சொல்லும் பாடம்

மும்பையில் வாழும் நம்மவர் பலருக்கு இரண்டு முகம் உண்டு. இங்கே குடித்தனக்காரர், ஊரில் வீட்டுக்காரர். இங்கே, “திடீர்னு காலி பண்ணச் சொல்லிட்டா என்ன செய்யறது?” என்ற பயம். அங்கே, “குடியிருக்கிறவர் காலி பண்ண மாட்டேங்கிறாரே” என்ற கவலை. இந்த இரண்டுக்கும் நடுவே சட்டம் எப்படி வந்து நின்றது என்பதற்குப் பம்பாயின் வரலாறே நல்ல சாட்சி.

முதல் உலகப் போரின்போது நகரத்தில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டு வாடகை ஏறியது. 1918-இல் அரசு வாடகைக்குக் கடிவாளம் போட்டது. அடுத்த போர் தொடங்கிய 1939-இல் மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. பிறகு வந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம்தான் நகரத்தின் முகத்தையே மாற்றியது. 1940 செப்டம்பர் 1ஆம் தேதி என்ன வாடகையோ அதுவே நிர்ணய வாடகை. அதற்குப் பின் முதன்முறையாக வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அந்த முதல் வாடகை. காலி செய்ய வைக்க வேண்டுமானால் உரிமையாளர் நீதிமன்றம் போய், வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை போன்ற காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். சொந்தத் தேவை என்றாலும், யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று நீதிமன்றம் எடை போட்டுப் பார்க்கும்.

எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வராமல் காத்தது இந்தச் சட்டம். ஆனால் விலைவாசி ஏற ஏற, வாடகை மட்டும் அப்படியே நின்றது. ரிப்பேருக்குக்கூடக் கட்டாத வருமானத்துக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்? கட்டடங்கள் உளுத்துப்போயின. பழுது பார்க்க வரி வசூலித்து, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி வாரியமே அமைக்க வேண்டியதாயிற்று. மறுபுறம், ‘பக்டி’ என்ற பெயரில் ரசீது இல்லாத பணம் கைமாறியது.

பழைய வாடகையிலேயே உறைந்து நிற்பது நியாயமல்ல என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் வந்த 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் அமலாகியது. ஆண்டுக்கு 4 சதவீத உயர்வுக்கு வழி பிறந்தது. பக்டிப் பணமும் சட்டத்துக்குள் வந்தது.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. சொந்த வீடே ஆனாலும், குடியிருப்பவரின் சாமானைத் தூக்கி வெளியே போடவோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவோ உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது 1963ஆம் ஆண்டு தனிப்பரிகாரச் சட்டம்.

ஊரில் வீடு வைத்திருப்போர் கவனிக்க: தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். “நம்ம மனுஷங்கதானே, வாய்ப்பேச்சு போதும்” என்று விட்டுவிடாதீர்கள். எழுதி வைத்த தாள் இரு தரப்புக்கும் காவல். வீடு கொடுப்பவராக ஓரிடத்திலும் வாங்குபவராக இன்னோரிடத்திலும் இருக்கும் நமக்கு இது நன்றாகவே புரியும்.