மீண்டும் வரும் குடலிறக்கம்: நுண்துளை அறுவைச் சிகிச்சை எந்த அளவுக்குத் தீர்வாகும்?

வயிற்றுச் சுவரின் தசைகள் பலவீனமடைந்த இடத்தின் வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குவதே ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம். முன்பு செய்த வயிற்று அறுவைச் சிகிச்சையின் தழும்பிலும் இது தோன்றுவதுண்டு. ஒருமுறை சரிசெய்யப்பட்ட பின்னரும் அது மீண்டும் வருவதுதான் நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் பெரும் சவாலாக இருந்து வருகிறது.

ஏன் திரும்ப வருகிறது?

பலவீனமான திசுக்களை இழுத்துத் தைக்கும்போது தையலின் மீது இழுவிசை ஏற்படுகிறது. உடற்பருமன், புகைப்பழக்கம், நாள்பட்ட இருமல், புண்ணில் ஏற்படும் தொற்று ஆகியவை தையல் விட்டுப்போகும் வாய்ப்பை அதிகரிக்கின்றன.

நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. தழும்பில் மீண்டும் வந்த குடலிறக்கத்தைத் தையல் மட்டும் போட்டுச் சரிசெய்தபோது, மூன்று ஆண்டுகளுக்குள் 58 சதவீதத்தினருக்கு அது திரும்பியது. செயற்கை வலை பொருத்தப்பட்டவர்களிடம் இந்த அளவு 20 சதவீதமாக இருந்தது.

உள்ளிருந்து ஒரு வழி

தழும்புக் குடலிறக்கத்தை லேப்ரோஸ்கோப் மூலம் சரிசெய்யும் முறையை அமெரிக்க மருத்துவர் கார்ல் லெபிளாங்க் 1993இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்தப்பட்டு, கரியமில வாயுவால் வயிறு விரிக்கப்படுகிறது. பின்னர் ஓட்டையின் விளிம்பைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் படியும்படி, உட்புறமிருந்து வலை பொருத்தப்படுகிறது.

பழைய தழும்பை மீண்டும் அகலமாகத் திறக்கத் தேவையில்லை என்பதும், புண்ணில் தொற்று குறைவு என்பதும் இதன் முக்கிய ஆதாயங்கள். ஆனால் குடலிறக்கம் திரும்புவதைப் பொறுத்தவரை, திறந்த முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு நிரூபிக்கப்படவில்லை. வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் குடலைப் பிரிக்கும்போது அதில் காயம் ஏற்படும் ஆபத்தும் உண்டு. அக்காயம் உடனே கண்டறியப்படாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கவட்டைக் குடலிறக்கத்தில் விதி எளிதானது. முதல் சிகிச்சை முன்புறமாகத் திறந்து செய்யப்பட்டிருந்தால், அடுத்தது லேப்ரோஸ்கோப் மூலம் பின்புறமாகச் செய்யப்படுவது நல்லது. முதலாவது லேப்ரோஸ்கோப் வழியாக நடந்திருந்தால், அடுத்தது திறந்த முறையில். தழும்பு விழாத புதிய பாதை கிடைப்பதே இதற்குக் காரணம்.

செலவு என்னும் தடை

இந்தியாவில் லேப்ரோஸ்கோப் மூலம் பித்தப்பையை அகற்றும் சிகிச்சையை மும்பையில் 1990இல் தெஹம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். தமிழகத்தில் கோவையைச் சேர்ந்த சி. பழனிவேலு இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர்.

ஆனால் குடலைத் தொடும் இடத்தில் சாதாரண வலையை வைத்தால் குடல் அதில் ஒட்டிக்கொள்ளும். இதற்கெனப் பூச்சிடப்பட்ட வலைகளின் விலை அதிகம். மகாராஷ்டிர மாநிலம் தொண்டைச்சாவில் மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கிருமி நீக்கிய கொசுவலைத் துணியைப் பயன்படுத்திக் காட்டிய மலிவான வழி, திறந்த முறைச் சிகிச்சைக்கே பெரிதும் பொருந்துகிறது.

ஆகவே மறு சிகிச்சைக்குச் செல்வோர், முதல் அறுவைச் சிகிச்சையின் குறிப்புகளைக் கையில் வைத்திருப்பது அவசியம். எந்த வழியில் அது செய்யப்பட்டது, எந்த வலை எங்கே வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அடுத்த முறை தீர்மானிக்கப்படுகிறது. வீக்கம் உள்ளே செல்லாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் ஏற்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.