ஆஞ்சியோ நார்மல், ஆனாலும் நெஞ்சு வலிக்குது: தோத்துப்போன ஒரு மருந்து துப்பறிஞ்ச கதை

"ஆஞ்சியோ நார்மல்னா சந்தோஷப்படணும்மா. உங்க இதயத்துல ஒண்ணும் இல்ல."

பயிற்சி மருத்துவரா இருந்த காலத்துல, ஐம்பது வயசைத் தாண்டின ஒரு அம்மாகிட்ட நான் சொன்னது இது. அவங்க சந்தோஷப்படல. "குடத்தைத் தூக்கிட்டு நாலு படி ஏறினா நெஞ்சைப் பிடிக்குதே தம்பி. அப்போ நான் நடிக்கிறேனா?"ன்னு கேட்டாங்க. கேஸ் மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

அந்தக் கேள்விக்கான பதில் அப்பவே மருத்துவ இதழ்கள்ல அச்சாகி இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல. உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். அதனால இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

நடந்தா வர்ற, நின்னா போற நெஞ்சு வலியை 1768ல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் விவரிச்சார். அதுக்கு அப்புறம் ரொம்ப காலம் பெரும்பாலும் வலியைக் கேட்டுத்தான் நோயைக் கண்டுபிடிச்சாங்க. 1958ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இன்னொரு பரிசோதனை செஞ்சுகிட்டு இருந்தப்போ, குழாய் தவறுதலா இதயத்தின் ரத்தக்குழாய்க்குள்ள போய், சாயம் நேரா அதுக்குள்ள பாய்ஞ்சிருச்சு. நோயாளி செத்துடுவார்னு பயந்தாங்க. பிழைச்சுகிட்டார். அந்த விபத்துதான் இன்னைக்கு நாம சொல்ற ஆஞ்சியோ.

படம் எடுக்க ஆரம்பிச்சதும் ஒரு சங்கடம் வந்தது. 1967ல் லைகாஃப் குழுவினர், சந்தேகமே இல்லாம இதய நோய்னு நம்பப்பட்டவங்களைப் பத்தி எழுதினாங்க. படத்துல அவங்க குழாய்கள் சுத்தமா இருந்தன. அதே வருஷம் கெம்ப், கார்லின் குழுவினரும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. 1973ல் வந்த ஒரு ஆய்வுல இவங்களை 'எக்ஸ்' குழுன்னு குறிச்சிருந்தாங்க. அதைப் பத்தி கெம்ப் தலையங்கம் எழுத, 'சிண்ட்ரோம் எக்ஸ்'ங்கிற பேர் ஒட்டிகிச்சு. கணக்குல விடை தெரியலைன்னா எக்ஸ் போடுவோமே, அதேதான்.

இங்க ஒரு விஷயம் புரியணும். ஆஞ்சியோவுல தெரியறது பெரிய குழாய்கள் மட்டும்தான். ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனா படத்துல பிடிபடாது. ஆனா இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போகணும்னு முடிவு பண்றது அந்தக் கண்ணுக்குத் தெரியாத சிறு குழாய்கள்தான். ஆத்துல தண்ணி இருக்குன்னு பார்த்துட்டு, வயல் மடை திறந்திருக்கான்னு பார்க்காம வர்ற மாதிரி. அந்த அம்மா விஷயத்துல நான் ஆத்தை மட்டும் பார்த்தேன்.

மடையை எப்படிச் சோதிக்கிறது? இங்கதான் தோத்துப்போன மருந்து வருது.

டைபிரிடமோல். 1959 வாக்குல, ரத்தக்குழாயை விரிச்சு நெஞ்சு வலியைக் குணப்படுத்தும்னு நம்பி வந்த மருந்து. குழாயை விரிக்கத்தான் செஞ்சது, ஆனா வலி குறையல. காரணம் எளிது. அடைப்புக்குக் கீழே இருக்கிற மடைகள் ஏற்கனவே முழுசா திறந்துதான் கிடக்கு. மருந்து கொடுத்தா பக்கத்து வயல் மடைகளும் திறந்துக்கும். தண்ணி அந்தப் பக்கம் ஓடிடும், காஞ்ச வயல் இன்னும் காயும். இதைத் 'திருட்டு'ன்னே இதய மருத்துவத்துல சொல்றோம்.

சிகிச்சைக்கு ஆகாத இந்தக் குணம் பரிசோதனைக்கு அருமையா ஒத்துவந்தது. மருந்தைக் கொடுத்து எல்லா மடையையும் திறக்கச் சொல்லு, ரத்தம் எவ்வளவு கூடுதுன்னு அள. ஆரோக்கியமான இதயத்துல மூணு மடங்குக்கு மேலயே கூடும். 1981ல் ஜெர்மனியில் ஓபெர்க் குழுவினர் நார்மல் ஆஞ்சியோ உள்ள நெஞ்சு வலிக்காரங்களுக்கு இதைச் செஞ்சாங்க. மத்தவங்களுக்குக் கூடின அளவு இவங்களுக்குக் கூடல. மடை அடைச்சிருக்கு! 1983ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கேனனும் எப்ஸ்டீனும் வேற வழியில் இதையே காட்டினாங்க. 1988ல் நுண்குழாய் நெஞ்சு வலின்னு பேரும் வச்சாங்க. எக்ஸுக்கு விடை கிடைச்சது.

முழு விடையான்னா, இல்ல. டைபிரிடமோல் வேலை செய்யறதே உடம்புல இருக்கிற அடினோசின் அளவை ஏத்தித்தான். அந்த அடினோசினை 1986ல் சுவீடனில் சில்வென் குழுவினர் நல்லா இருக்கிற ஆளுங்களுக்கே நரம்பு வழியா ஏத்தினாங்க. அவங்களுக்கும் அச்சு அசலா நெஞ்சு வலி வந்துச்சு! அப்போ சோதனையில வலி வந்தா அது ரத்தக் குறைவாலயா, மருந்தாலயா? 1990ல் கேனனே இன்னொண்ணும் சொன்னார்: இவங்கள்ல பலருக்கு, இதயத்துக்குள்ள குழாய் அசைஞ்சாலோ சாயம் செலுத்தினாலோ கூட வலிக்குது. மடை மட்டும் இல்ல, வலி நரம்பும் காரணம். 1994ல் அவர் 60 பேரை வச்சு நடத்தின ஆய்வுல, இமிப்ரமின் என்கிற மனச்சோர்வு மாத்திரை சின்ன அளவுல வலியைப் பாதியா குறைச்சது. "பார்த்தீங்களா, மனசுதான்"னு குதிக்காதீங்க. மனநலச் சோதனை முடிவு எப்படி இருந்தாலும் மாத்திரை வேலை செஞ்சது. எனக்கு இந்த வரலாற்றுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. தன் கண்டுபிடிப்பையே சந்தேகப்பட்ட மனுஷன்.

அப்புறம் 2002ல் லண்டனில் அடினோசின் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தாங்க. இதயச் சுவரின் உள்பக்கத்துல ரத்தம் குறையறது படமாவே தெரிஞ்சது.

2018ல் ஸ்காட்லாந்தில் வந்த ஆய்வுதான் என்னை உலுக்கினது. அடைப்பு இல்லாத 151 பேருக்கு அடினோசின், அசிடைல்கொலின் சோதனைகள் எல்லாருக்கும் செஞ்சாங்க. ஆனா முடிவை ஒரு பாதி பேருக்கு மட்டும் சொல்லி, அதுக்கேத்த மருந்து கொடுத்தாங்க. மறுபாதியின் டாக்டர்களுக்குச் சொல்லல. ஆறு மாசத்துல முதல் பாதியினருக்கு வலி தெளிவா குறைஞ்சிருந்தது.

உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா, "நுண்குழாய் சோதனை தேவையா?"ன்னு அவங்களோட இதய டாக்டர்கிட்ட கேளுங்க. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இவங்கள்ல பலருக்குச் சரியா கேக்காது, அது பெரிய குழாய்களைத்தான் அதிகம் விரிக்கும். அதனால மாத்திரை கேக்கலைங்கிறதை வச்சு இதய வலி இல்லன்னு முடிவு கட்டாதீங்க. புதுசா வர்ற வலி, ஓய்வுலயும் நிக்காத வலின்னா இதையெல்லாம் படிச்சுகிட்டு இருக்காம உடனே அவசரப் பிரிவுக்குப் போங்க.

அடினோசின் சோதனைக்கு நாள் கொடுத்திருந்தா, ஆஸ்பத்திரியில சொன்ன நேரத்துல இருந்து காபி, டீ கிடையாது. அதுல இருக்கிற கஃபீன் மருந்தைத் தடுத்து, சோதனையே தப்பாகிடும். காலையில காபி இல்லாம தலை வலிக்கும்தான்.