ஆசிய வரலாறு கற்பித்தலும் காலி மும்மொழிக் கல்வெட்டும்

முன்னுரை

வரலாறு கற்பித்தற்குரிய கருவிகள் பல. நாட்டுப்படம், காலக்குறிப்பு அட்டவணை, சிற்பங்களின் நிழற்படம், நாணயப் படி ஆகியவற்றை ஆசிரியர் வகுப்பிற்குக் கொண்டு செல்கின்றனர். இவை யாவும் பயனுடையனவே. எனினும், ஆசிய நாடுகளின் வரலாற்றையும் கலையையும் பண்பாட்டையும் பயிலும் முதுகலை மாணாக்கர்க்கு இவற்றினும் சிறந்த கருவி மூலச்சான்று ஒன்றனை முழுமையாகப் படித்தலேயாகும். பிறர் ஆராய்ந்து கண்ட முடிவினை நெட்டுருச் செய்தல் வேறு. அம்முடிவிற்கு அடிப்படையான சான்றினைத் தாமே நேரிற் கண்டு வினவுதல் வேறு. இதனை விளக்குதற்குக் காலி மும்மொழிக் கல்வெட்டு ஈண்டு எடுத்துக்கொள்ளப்பெறுகின்றது.

தமிழ் மாணாக்கர்க்கு இக்கல்வெட்டு ஒரு தேர்வுமாகும். இதனை எடுத்தாளும் நம்மவர் பலர், சீனப் பேரரசன் தமிழில் கல்வெட்டுப் பொறித்தான் என்று கூறி அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அக்கூற்று உண்மையே. ஆயினும், கல் கூறும் செய்தியில் அது மூன்றில் ஒரு பங்கே என்பதை மறத்தலாகாது.

கல்லின் அமைப்பு

1911-ஆம் ஆண்டில், இலங்கையின் தென்கரைத் துறைமுக நகரமாகிய காலியில், டோமலின் என்னும் பொறியாளர் மதகு ஒன்றன் மூடுகல்லாகக் கிடந்த பலகைக்கல்லைக் கண்டறிந்தார். எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கிக் கிடந்தது. அக்கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனப் பகுதி வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் செல்கின்றது. இடப்பக்கத்தின் மேற்பாதியில் தமிழும் கீழ்ப்பாதியில் பாரசீகமும் உள்ளன. கல்லின் உச்சியில் இரண்டு யாளி போன்ற சீன நாகங்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டுள்ளன.

இவ்வமைப்பே முதற்பாடமாகும். கோயிற் சுவரிலும் அடித்தளத்திலும் தமிழெழுத்தைக் கண்டு பழகிய மாணாக்கர், சீன மரபில் அமைந்த நடுகற் பலகையில், சீன நாகங்களின் கீழ்த் தமிழெழுத்தைக் காணுங்கால், மொழி ஒரு நாட்டினது, வடிவம் மற்றொரு நாட்டினது என்பதைக் கண்ணாரக் காண்கின்றனர். கலை வரலாற்றையும் மொழி வரலாற்றையும் தனித்தனி அறைகளில் அடைத்துவைத்துக் கற்பிக்கும் முறை போதாது என்பது இதனாற் புலனாகும்.

மூன்று மொழியும் மூன்று வழிபாடும்

மூன்று பகுதிகளும் ஒன்றன் மொழிபெயர்ப்பாக ஏனையவை அமைந்தவை என்று முதலிற் படிப்போர் எண்ணுதல் இயல்பு. அது பொருந்தாது. சீனப் பகுதி, மிங் மரபின் யுங்லோ பேரரசன் செங் ஹோ முதலிய தூதர்வழிப் புத்தர்பெருமானைப் போற்றிக் காணிக்கை செலுத்துவதைக் கூறுகின்றது. தமிழ்ப் பகுதியில் அக்காணிக்கையைப் பெறுபவர் தெனவரை நாயனார். தேவேந்திரமுனைக் கோயிலில் விளங்கிய அத்தெய்வத்தைச் சிங்களர் உபுல்வன் என வழிபட்டனர். திருமாலாகக் கொள்வர் அறிஞர் பலர். பாரசீகப் பகுதி மிகச் சிதைந்துள்ளது. எஞ்சிய பகுதி இசுலாமியச் சார்பினது என்பது தெளிவு.

போற்றப்படுவோர் வேறாயினும் காணிக்கைப் பட்டியல்கள் பெரிதும் ஒத்துள்ளன. பொன் 1000, வெள்ளி 5000, பட்டுவகைகள், நறுநெய், விளக்கு, மெழுகுதிரி முதலியன அவற்றுள் அடங்கும். ஆகவே, பேரரசன் மூன்று சமயத்தாரையும் ஒப்ப மதித்துப் பொருள் வழங்க எண்ணினான் எனக் கொள்ளலாம். தமிழ்ப் பகுதியை மட்டும் படித்த மாணாக்கன் இதனை அறிய இயலாது. சீனப் பகுதியை மட்டும் படித்தவனும் அறிய இயலாது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தவனே அறிவான்.

கல்லில் இல்லாத மொழி

கல்லில் உள்ளதை வினவுதல் போலவே இல்லாததையும் வினவுதல் வேண்டும். இலங்கையில் நிறுத்துதற்கெனப் பொறிக்கப்பட்ட இக்கல்லில் சிங்களம் இல்லை. ஏன்? சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் அக்காலத்து இந்தியப் பெருங்கடல் வாணிகத்தில் வழங்கிய மொழிகள். எனவே, கல்லைப் பொறிப்பித்தோர் துறைமுகங்களில் கூடிய வணிகக் குழுவினரையே முதன்மையாகக் கருதினர் என்று உய்த்துணரலாம். தமிழ் இக்கல்லில் இடம்பெற்றமை அதன் கடல்வாணிகச் செல்வாக்கிற்குச் சான்று. அச்செல்வாக்கினைத் தமிழ் தனித்துப் பெறவில்லை, பாரசீகத்தோடு பகிர்ந்துகொண்டது என்பதற்கும் அதே கல் சான்றாகும். முதற்செய்தியை எடுத்துரைத்து இரண்டாவதை விடுத்தல் ஆராய்ச்சி நெறியாகாது.

நாளும் நிகழ்ச்சியும்

கல்லில் உள்ள நாள் யுங்லோ ஆட்சியின் ஏழாம் ஆண்டு இரண்டாம் திங்கள் முதல் நாளாகும். அது கி. பி. 1409 பிப்பிரவரி 15-ஐக் குறிக்கும். செங் ஹோவின் மூன்றாம் கடற்பயணம் சீனக் கரையினின்று புறப்பட்டது அவ்வாண்டின் பிற்பகுதியிலாகும். ஆதலின், கல் சீனத்திலேயே, நான்கிங் நகரில் பொறிக்கப்பட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஏற்கும் கருத்து. எனவே, அந்நாள் இலங்கையில் காணிக்கை செலுத்திய நாள் அன்று. செலுத்தக் கருதி எழுதிய நாளேயாம்.

இவ்வேறுபாடு சிறிதன்று. அதே பயணத்தில் சீனப் படைக்கும் இலங்கைத் தலைவன் அழகேசுவரனுக்கும் போர் மூண்டது. அவன் சிறைபிடிக்கப்பட்டு 1411-இல் சீனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டான். பின்னர்ப் பேரரசனால் விடுவிக்கப்பட்டான். கல்லை மட்டும் கற்பிப்பின் ஆசியக் கடல் அமைதியின் கடலாகத் தோன்றும். போரை மட்டும் கற்பிப்பின் காணிக்கை வெறும் நடிப்பாகத் தோன்றும். இரண்டையும் ஒருங்கு வைத்து, ஒரே அரசு வழிபாட்டிற்குப் பொன்னையும் போருக்குப் படையையும் ஒரே கப்பற் கூட்டத்தில் அனுப்பியது ஏன் என்று மாணாக்கரை எண்ணச் செய்தலே ஆசிரியர் கடன்.

முடிவுரை

வகுப்பில் இதனைக் கற்பிக்கும் முறை எளிது. மாணாக்கரை மூன்று குழுவாக்கி, ஒவ்வொன்றற்கும் ஒரு பகுதியின் பாடத்தையோ மொழிபெயர்ப்பையோ மட்டும் தந்து, காணிக்கை பெறுபவர் யார் என எழுதுமாறு பணித்தல் வேண்டும். மூன்று விடைகளும் முரணுமிடத்து வினாக்கள் தாமே எழும். அதன்பின்னரே கல்லின் முழுப்படத்தையும் 1411-ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் ஆசிரியர் முன்வைத்தல் தகும். சீனத்துச் சுவான்சௌ நகரில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை இதற்கு அடுத்த பாடமாகக் கொள்ளலாம்.

தமிழின் பெருமையை நிலைநாட்டச் சான்று தேடுவோர்க்கு இக்கல்வெட்டு ஏமாற்றம் தாராது. ஆனால், அப்பெருமையை அண்டையிலுள்ள இரு மொழிகளோடு சேர்த்துக் காணும் நேர்மையையும் அது வேண்டி நிற்கின்றது. அந்நேர்மையை மாணாக்கர் வகுப்பறையிலேயே பழகுவாராயின், பின்னர் அவர் எழுதும் ஆராய்ச்சியிலும் அது நிலைபெறும்.