அழகர் மலையிறங்காத சித்திரை

அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஒவ்வொரு சித்திரையிலும் கள்ளழகர் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, அந்தத் தூரத்தைக் கடந்து வந்து வைகையில் இறங்குவார். பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் கூடும். தேனூரில் நடந்த இந்த விழாவை மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து வைத்தது திருமலை நாயக்கர்தான்னு சொல்வாங்க. கிராமத்தையும் நகரத்தையும் ஒரே ஆற்று மணலில் நிற்க வைத்த ஏற்பாடு அது.

2020-லும் 2021-லும் அழகர் மதுரைக்கு வரவில்லை. 2021 ஏப்ரல் கடைசியில், கோயில் வளாகத்துக்குள்ளேயே செயற்கையாக ஒரு வைகையை அமைத்து அதில் இறக்கினாங்க. பலருக்கும் அது பெரிய மனக்குறை. அந்த முடிவு தேவைதானா? அந்த வாரத்தைப் பற்றிப் பேச இன்னைக்கு நம்மகிட்ட ஒரு ஆவணம் இருக்கு: வைரஸோட மரபணு.

கொரோனா வைரஸின் மரபணு சுமார் 30,000 எழுத்து நீளம். ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் படி எடுக்கும்போது பிழை விழும் இல்லையா, இதிலும் அப்படித்தான். ஒரே பிழை ரெண்டு சுவடியில் இருந்தால், ரெண்டுக்கும் மூலம் ஒண்ணுன்னு பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பார். விஞ்ஞானிகளும் இப்படிப் பாடபேதம் பார்த்துத்தான் வைரஸின் வம்சாவளியை வரையுறாங்க.

அதில் ஒரு கிளை, இந்தியாவில் 2020 அக்டோபரில் எடுத்த மாதிரிகளில் முதலில் தெரிய வந்தது. அடுத்த ஏப்ரலில் அது மற்ற கிளைகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. மே தொடக்கத்தில் நாட்டின் ஒருநாள் தொற்று 4 லட்சத்தைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு ‘டெல்டா’ன்னு பெயர் வைத்தது மே 31-ல்தான்.

கவனிச்சீங்களா? அழகர் மலையிலேயே இருந்தப்போ அந்தப் பெயரே பிறக்கவில்லை. கூட்டம் கூடினால் தொற்று பரவும் என்ற பழைய அறிவை நம்பி எடுத்த முடிவு அது. அன்னைக்கு மணலில் கூடியிருந்தால், கூட்டத்துக்கு நடுவே டெல்டாவும் நின்றிருக்கும் என்பதை மரபணு பிறகு காட்டியது.

தமிழ்நாடு அரசு மரபணுவைப் படிக்கச் சொந்தமாக ஒரு ஆய்வகத்தைச் சென்னையில் திறந்தது 2021 செப்டம்பரில். அதுக்குள்ள இரண்டாம் அலை ஓய்ந்துவிட்டது.

இந்த ஆவணத்துக்கு ஒரு குறையும் உண்டு. சுவடி கிடைக்காத நூலுக்குப் பதிப்பு இல்லை. மாதிரி எடுக்காத ஊர் அந்த வம்சாவளியில் இருக்காது. ஃப்ளூவும் இதே மாதிரி மாறிக்கொண்டே வருகிற வைரஸ்தான். அதனால் மழைக்காலத்தில் மேலூர்ப் பக்கக் கிராமம் ஒன்றில் காய்ச்சல்காரரிடம் எடுக்கிற ஒரு மூக்குச்சளி மாதிரியும் வரலாற்று ஆவணம்தான்.

2022-ல் அழகர் மறுபடி வைகைக்கு வந்தார். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.