குடலுக்குச் செல்லும் குருதி

விழுப்புரத்திற்குத் தெற்கே, பண்ருட்டியை அடுத்த திருவதிகைக்குச் செல்வோர் திருநாவுக்கரசரின் சூலை நோயை நினையாமல் திரும்புவதில்லை. அவர் ஏழாம் நூற்றாண்டினர். அவரை வருத்திய நோய் இன்னதென்று இன்று துணிந்து கூறுதல் இயலாது. ஆயினும், வயிற்றைக் குடையும் நோவுகள் பலவும் நம் நாட்டு வழக்கில் சூலை என்னும் ஒரு பெயருள் அடங்கின என்பது தெளிவு. அவற்றுள் ஒன்றான, குடலுக்குக் குருதி குறைவதால் நேரும் நோயின் வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

திண்டிவனத்தில் வாழ்ந்த என் பாட்டனாருக்கு நாடித்துடிப்பு நெடுங்காலமாகவே ஒழுங்கற்றிருந்தது. ஓரிரவு அவர் திடீரென வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். வந்த மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அது மென்மையாகவே இருந்தது. வாயு என்று கருதி மருந்து கொடுத்துச் சென்றார். விடியும்போது வயிறு கல்லாகியிருந்தது. அன்று மாலைக்குள் பாட்டனார் மறைந்தார். அம்மருத்துவரை நான் குறை கூறேன். நோவோ பெரிது, வயிறோ மென்மை. இம்முரண்பாடே இந்நோயின் முதல் அடையாளம் என்பதைப் பின்னர்தான் நூல்களில் கற்றேன்.

இதயம் செலுத்தும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குடலுக்குச் செல்கிறது. துடிப்பு ஒழுங்கு தவறிய இதயத்தில் குருதி உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்து குடலின் தமனியை அடைத்தால், சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். கீல்வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்க்கு இளமையிலேயே இவ்வாபத்து உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய அறிஞர் விர்க்கோ முதலியோர் இவ்வடைப்பைப் பிணப் பரிசோதனையில் கண்டு எழுதினர். 1895-இல் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட், அழுகிய குடலை வெட்டி நீக்கி நோயாளியைப் பிழைக்கவைத்த செய்தியை வெளியிட்டார். குடலை வெட்டுவதற்கு முன் அடைப்பையே நீக்கினால் என்ன என்னும் வினா எழ மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1951-இல் கனடா நாட்டுக் கிளாஸ் என்பார் தமனியைத் திறந்து கட்டியை எடுத்த முறையை விளக்கினார். 1963-இல் ஃபோகார்ட்டி, கட்டியை இழுத்தெடுக்கும் பலூன் குழாயை அறிமுகப்படுத்தினார்.

இன்று சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. படம் அடைப்பைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. குருதி உறையாதிருக்க ஹெப்பாரின், நரம்புவழி நீர், நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றை உடனே தொடங்கி, தமனியைத் திறக்கின்றனர். செத்த பகுதி இருப்பின் நீக்குகின்றனர். ஐயமிருந்தால் ஓரிரு நாளில் மீண்டும் வயிற்றைத் திறந்து பார்ப்பதும் உண்டு. இத்தனை இருந்தும், காலம் தாழ்ந்து வருவோரில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் வழியில், முண்டியம்பாக்கத்தில், 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பாட்டனார் காலத்தில் அஃது இல்லை. இன்று வழி உண்டு. 108 வண்டியும் உண்டு. ஆதலின், இதய நோயுள்ளவரோ முதியவரோ திடீரெனத் தாங்கவொண்ணா வயிற்று நோவுற்றால், கஷாயம் வைத்துக் காலைவரை காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, இதயக் குறை உண்டு என்பதை முதற்சொல்லாக மருத்துவரிடம் கூறுங்கள்.