பேர்ல என்ன இருக்கு?

'பேர்ல என்ன இருக்கு?'ன்னு எதிரணி நண்பர் கேட்டுட்டுப் போனார். சொல்றேன், கேளுங்க.

மோத முடியாத முரட்டு ஆளை ஆங்கிலத்தில் 'டார்ட்டர்' என்பார்கள். உண்மையில் அது 'டாட்டர்' என்ற இனத்தின் பெயர். 1202-இல் அவர்களை முறியடித்தவன் செங்கிஸ்கான். 1241-இல் அவன் வாரிசுகளின் மங்கோலியப் படை ஹங்கேரியில் புகுந்தபோது, ஐரோப்பா அலறியது யார் பெயரைச் சொல்லி? தோற்றவன் பெயரைச் சொல்லி! கிரேக்கரின் பாதாள உலகம் 'டார்ட்டரஸ்'. அந்தப் பயத்தில் நடுவே ஒரு 'ர்' நுழைந்தது, மனுஷன் பேயாகிவிட்டான்!

கிரிமிய டாட்டர்களை 1944-இல் ஸ்டாலின் அரசு குழந்தை குட்டிகளோடு சரக்கு ரயிலில் ஏற்றி நாடு கடத்தியது. அவங்களும் முரடர்களா ஐயா?

பேர்ல ஒரு ஜனத்தோட மானம் இருக்கு. பட்டப்பேர் வைக்கும்முன் யோசிங்க!