இராம. நாராயணன்

இராம. நாராயணன் (1949–2014), குறைந்த முதலில் விரைந்து படமெடுப்பதையே ஒரு தொழில் நியதியாகக் கொண்டு, 9 மொழிகளில் 125-க்கு மேற்பட்ட படங்களை இயக்கிய தமிழ்த் திரைப்பட இயக்குநர். ஸ்ரீ தேனாண்டாள் பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தின் அதிபர்.

காரைக்குடியில் பிறந்து, பாடலாசிரியராகும் ஆசையுடன் சென்னைக்கு வந்து, படக் கம்பெனிகள் நிறைந்த தியாகராய நகர், கோடம்பாக்கம் வட்டாரத்தில், நண்பர் எம். ஏ. காஜாவுடன் சேர்ந்து ‘ராம்–ரஹீம்’ என்ற கூட்டுப் பெயரில் எழுதிய இவர், 1981-ல் ‘சுமை’ படத்தின் வாயிலாக இயக்குநரானார். அதே ஆண்டு, ‘எர்ர மல்லெலு’ என்ற தெலுங்குப் படத்தைத் தழுவி, விஜயகாந்தும் சந்திரசேகரும் நடிக்க, ஏவி.எம். நிறுவனத்துக்காக இவர் இயக்கிய ‘சிவப்பு மல்லி’, உழைப்பாளர் உரிமை பேசும் படமாக ஜனங்களிடம் செல்வாக்குப் பெற்றது. மு. கருணாநிதியின் வசனத்தில் ‘மக்கள் ஆணையிட்டால்’ (1988) இயக்கியவரும், 1989-ல் காரைக்குடித் தொகுதியிலிருந்து தி.மு.க. சார்பில் சட்டமன்றம் சென்றவருமான இவரே, மறு ஆண்டு முதல் அம்மன் மகிமைகளைத் திரையில் பிரவாகமாகப் பொழிந்தார் என்பது, கொள்கையைவிட வசூல் நிலவரத்தை நன்கு அறிந்த ஒரு வியாபாரியின் விவேகம் என்றே கொள்ளத்தக்கது.

அந்த விவேகத்தின் சூட்சுமம் நடிகர் தேர்வில் இருந்தது. படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் காட்டிய வழியில், பிராணிகளைப் பிரதான பாத்திரங்களாக்கி, பேபி ஷாமிலியுடன் ஒரு குரங்கையும் நாயையும் நம்பி எடுக்கப்பட்ட ‘துர்க்கா’ (1990) பெருவெற்றி கண்டது. யானையும் பாம்பும் பின்தொடர்ந்தன. குரங்கு சம்பளத்தை உயர்த்திக் கேட்பதில்லை, கால்ஷீட்டை மாற்றுவதில்லை. தெய்வமோ அதனினும் சகாயம்.

‘பாளையத்தம்மன்’ (2000) படத்தில், உண்டியலுக்குள் தவறி விழும் குழந்தை கோயில் சம்பிரதாயப்படி அம்மனுக்கே சொந்தமாகிவிடுகிறது. கிராபிக்ஸ் காட்சிகளின் மெருகின்மையை விமர்சகர்கள் எள்ளி நகையாடியிருக்கலாம். ஆயினும் 2024-ல் திருப்போரூர் முருகன் கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் விழுந்து, அதைத் திருப்பித் தர நிர்வாகம் மறுத்தபோது, செய்தித்தாள்களுக்கு உடனே ஞாபகம் வந்தது இப்படமே. ஒரே கதையைப் பல மொழிகளில் விற்கும் உபாயத்தையும் இவர் கைவிடவில்லை; ‘குட்டிப்பிசாசு’ (2010) தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளில் ஏககாலத்தில் உருவாயிற்று.

தயாரிப்பாளர் சங்கத் தலைவராகவும் இருந்த இவர், கடைசிப் படமான ‘ஆர்யா சூர்யா’ (2013) வெளிவந்த மறு ஆண்டு, ஜூன் 22 அன்று சிங்கப்பூரில் காலமானார். தேனாண்டாள் நிறுவனம் தனது 100-ஆவது தயாரிப்பாக 2017-ல் வெளியிட்ட ‘மெர்சல்’, விஜய் மூன்று வேடங்களில் நடித்த பெருஞ்செலவுப் படம்.